வாங்கினால் வருஷக்கணக்கில் புழங்க வேண்டும்: வீட்டுச் சாமான்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூக்கிப்போடும் சாமான்களைக் குறைக்க வேண்டும் என்று முடிவெடுத்துக் கடைக்குப் போகிறவர்களுக்கு அங்கே போனதும் தலை சுற்றிவிடுகிறது. ஒரே மாதிரி இருக்கும் இரண்டு டப்பாவில் ஒன்று நூற்றைம்பது ரூபாய், இன்னொன்று ஐந்நூறு. எது உழைக்கும், எது ஏமாற்று என்று தெரிவதில்லை. தெரிந்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். தமிழ்நாட்டில் ஒரு சராசரிக் குடும்பம், பக்கத்தில் ஒரு பாத்திரக் கடை, மாசத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு பட்ஜெட், இதை மனதில் வைத்து எழுதியது.

எங்கிருந்து ஆரம்பிப்பது? முதலில் எதை வாங்கலாம்?

ஒன்றும் வாங்க வேண்டாம். முதலில் பரணில் ஏறிப் பாருங்கள். கல்யாணத்துக்குச் சீராக வந்த தூக்குவாளி, பேர் வெட்டிய டம்ளர், நாலடுக்கு கேரியர், யாரோ வீடு புகுவிழாவில் கொடுத்த டப்பா, இதெல்லாம் சாக்குக்குள் கட்டியபடியே கிடக்கும். அவற்றை இறக்கிக் கழுவி அடுக்கினால், வாங்க வேண்டும் என்று நினைத்ததில் பாதி வீட்டிலேயே இருக்கும்.

அப்புறம் உங்கள் குப்பைக்கூடையை ஒரு வாரம் கவனியுங்கள். எது அதிகம் விழுகிறது? பால் கவரும் மளிகைக் கவரும் நம் கையில் இல்லை. ஆனால் பார்சல் டப்பா, தண்ணீர் பாட்டில், டிஷ்யூ, பேப்பர் கப், நாப்கின் எல்லாம் நம் கையில் இருக்கிறது. எது அதிகமோ அதற்கு மட்டும் மாற்று வாங்குங்கள். ஒரே நாளில் வீட்டையே மாற்றுகிறேன் என்று கிளம்பினால் பணம் போவதோடு நல்ல சாமானும் சேர்ந்து குப்பைக்குப் போகும்.

விலை அதிகமாக இருந்தால்தான் நெடுநாள் வருமா?

அப்படி இல்லை. நான் விலையைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் கேட்பது இதுதான்: இந்தச் சாமானில் எது முதலில் கெடும், அது தனியாகக் கிடைக்குமா, என் தெருமுனையில் கிடைக்குமா?

பிரஷர் குக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் போவது கேஸ்கெட். அது எந்தப் பாத்திரக் கடையிலும் இருக்கும். சேஃப்டி வால்வு, வெயிட், கைப்பிடி, கைப்பிடி ஸ்க்ரூ, எல்லாமே தனியாகக் கிடைக்கும். அதனால்தான் இருபது வருஷத்துக் குக்கர்கள் இன்னும் விசில் அடித்துக்கொண்டிருக்கின்றன. (ஒரு வார்த்தை: குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், தர எண் ஐ.எஸ். 2347. முத்திரை இல்லாததை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், இதில் பேரமே கூடாது. கேஸ்கெட்டும் வால்வும் அந்தக் கம்பெனியுடையதாகவே இருக்கட்டும்.) இன்னொரு பக்கம், ஆன்லைனில் அழகழகாக வரும் கண்ணாடி டப்பாக்கள். மூடியில் நாலு பக்கமும் பிளாஸ்டிக் காது. ஒரு காது உடைந்தால் மூடி போச்சு, மூடி மட்டும் எங்கேயும் கிடைக்காது, நல்ல கண்ணாடி வெறும் கிண்ணமாகிவிடும்.

கணக்கும் போட்டுப் பாருங்கள். ஒரு பேச்சுக்கு, நானூறு ரூபாய் டப்பா எட்டு வருஷம் வந்தால் வருஷத்துக்கு ஐம்பது ரூபாய்தான். நூற்றிருபது ரூபாய் டப்பா ஒன்றரை வருஷத்தில் மூடி பிளந்தால் வருஷத்துக்கு எண்பது. ஆனால் அந்த நானூறு ரூபாய் டப்பாவை வாங்கி ஷோகேஸில் வைத்தால் இந்தக் கணக்கெல்லாம் வீண்.

எவர்சில்வரில் 304, 202 என்கிறார்களே, என்ன வித்தியாசம்? காந்தம் வைத்துப் பார்த்தால் தெரியுமா?

அதிகம் குழப்பப்படும் விஷயம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இவை எஃகின் வகையைச் சொல்லும் எண்கள். 304 என்பதில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். சில பாத்திரங்களில் 18/8 என்று அடித்திருப்பதும் இதைத்தான். 202-ல் விலை கூடிய நிக்கலைக் குறைத்து, அந்த இடத்தில் மாங்கனீஸைக் கூட்டியிருப்பார்கள். பார்க்க இரண்டும் ஒன்றுதான், பளபளப்பிலும் கண்டுபிடிக்க முடியாது. உப்பும் புளியும் நாள்பட்டுப் பட்டால் 202 சீக்கிரம் கறை பிடிக்கும், புள்ளிப் புள்ளியாக அரிக்கும். 430 என்று இன்னொன்று, அதில் நிக்கல் கிட்டத்தட்டக் கிடையாது, காந்தம் நன்றாக ஒட்டும், இண்டக்ஷன் பாத்திரங்களின் அடியில் இதைத்தான் வைக்கிறார்கள்.

இப்போது காந்தத்துக்கு வருவோம். காந்தம் ஒட்டவில்லை என்றால் 304 என்று பலர் நம்புகிறார்கள். 202-லும் காந்தம் ஒட்டாது! ஆக, காந்தச் சோதனை 430-ஐப் பிரித்துக் காட்டும், 304-க்கும் 202-க்கும் நடுவே ஒன்றும் சொல்லாது. போதாக்குறைக்கு, நல்ல 304 தகட்டையே அழுத்தி வளைத்த இடங்களில், விளிம்பிலும் மூலையிலும், லேசாகக் காந்தம் இழுக்கும். அதைப் பார்த்துவிட்டுக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

பின்னே எப்படித் தெரிந்துகொள்வது? பாத்திரத்தின் அடியில் எண் அடித்திருக்கிறதா, பில்லில் எழுதித் தருவாரா என்று கேளுங்கள். எழுதித் தருகிறவர் பெரும்பாலும் சரியாகத்தான் சொல்வார். சேலத்தில் பொதுத்துறை எஃகு ஆலை இருக்கிறது, அங்கே உருட்டிய தகட்டுக்கு நல்ல பேர். ஆனால் 'சேலம் ஸ்டீல்' என்று கடைக்காரர் வாயால் சொல்வதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் 304 தேவையும் இல்லை. அரிசி டிரம், பருப்பு டப்பா, தட்டு, டம்ளருக்கு 202 போதும், பல வருஷம் வரும். குழம்பு, ரசம், தயிர், எலுமிச்சை சாதம், ஊறுகாய் படும் பாத்திரங்களுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் 304-க்குக் கூடுதல் பணம் கொடுங்கள்.

தரத்தைவிட கனம் முக்கியம் என்பேன். எவர்சில்வரை எடை போட்டு விற்பதே அதனால்தான். தூக்கிப் பாருங்கள், விளிம்பைத் தடவிப் பாருங்கள்: மடித்து உருட்டியிருந்தால் நல்லது, கத்தி மாதிரி இருந்தால் தகடு மெலிசு, சீக்கிரம் நசுங்கும். கைப்பிடி ரிவிட் அடித்ததா, வெறுமனே வெல்டிங் பொட்டு வைத்து ஒட்டியதா பாருங்கள். கொதிக்கும் சாம்பாரோடு தூக்கும்போது கழன்று வரக்கூடியது ஒட்டுப் பிடிதான்.

பராமரிப்பில் ஒன்றே ஒன்று: பச்சைத் தண்ணீரில் கல்லுப்பைப் போட்டு அப்படியே அடுப்பில் வைக்காதீர்கள். அடியில் தங்கிய உப்பு வெள்ளைப் புள்ளியாக அரித்துவிடும். கொதி வந்த பிறகு உப்புப் போடுங்கள்.

சாம்பார் ஒழுகாத டிபன் பாக்ஸ் உண்டா?

உண்டு. மூடியின் உள்பக்கம் சிலிக்கோன் வளையம், இரண்டு அல்லது நான்கு பக்கம் கிளிப். வளையம் கழற்றிக் கழுவும்படி இருக்க வேண்டும். ஒட்டியே வைத்திருந்தால் அதற்கடியில் எண்ணெய் தங்கி நாற்றம் எடுக்கும், அதுவே அந்த டப்பாவின் முடிவு. வளையம் தனியாகக் கிடைக்குமா என்று வாங்கும்போதே கேட்டு, கிடைத்தால் இரண்டு கூடுதலாக வாங்கி வையுங்கள், ஏனென்றால் இரண்டு வருஷம் கழித்து அந்த மாடலே இருக்காது.

கடையிலேயே தண்ணீர் ஊற்றித் தலைகீழாகப் பிடித்துப் பார்க்கலாம், நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார். ரசமும் மோரும் மட்டும் எந்த டிபன் பாக்ஸிலும் வேண்டாம், அதற்குத் திருகு மூடி போட்ட சின்ன டப்பாதான் சரி.

கிளிப்பும் வளையமும் இல்லாத பழைய கேரியரில் கெட்டியான சாப்பாடு மட்டும் கொண்டுபோனால் அது உங்கள் பேரன் காலத்துக்கும் வரும். கெடுவதற்கு அதில் பாகமே இல்லையே.

தண்ணீர் பாட்டில்: எவர்சில்வரா, செம்பா, சூடு நிற்கும் ஃபிளாஸ்க்கா?

வெறும் தண்ணீருக்கு ஒற்றைச் சுவர் எவர்சில்வர் பாட்டில். எடை குறைவு, விலை குறைவு, கீழே விழுந்தால் நசுங்கும், அவ்வளவுதான், தண்ணீர் குடிக்க அது தடையில்லை. பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கும் இதுவே. வாய் அகலமாக, கை நுழையாவிட்டாலும் பிரஷ் நுழையும்படி இருக்கட்டும். உறிஞ்சுகுழல் வைத்த பாட்டிலைப் பிள்ளைகள் கேட்பார்கள். அந்தக் குழலைத் தினமும் கழுவப்போவது நீங்கள்தான், அதை நினைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

ஃபிளாஸ்க் பாட்டிலில் இரண்டு சுவருக்கு நடுவே காற்றை எடுத்திருப்பார்கள். பலமாக அடிபட்டு அந்த இடத்தில் காற்று புகுந்துவிட்டால் பழுது பார்க்க வழியில்லை. கொதிக்கும் தண்ணீரை ஊற்றி ஐந்து நிமிஷம் கழித்து வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் அது இனி சாதாரண பாட்டில். காபி, வெந்நீர் கொண்டுபோகிறவருக்கு மட்டும் இது தேவை, வீட்டில் ஒன்று போதும். பால் கலந்த டீயை அதில் நாள் முழுக்க வைத்தால் திரிந்துவிடும்.

செம்புப் பாட்டில் அழகு, வேலையும் அதிகம். வாரா வாரம் புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்க்க வேண்டும், உள்ளே புளிப்பான எதையும் ஊற்றக் கூடாது. வீட்டில் ஏற்கனவே செம்புக் குடம் இருந்தால் புழங்குங்கள். இதற்கென்று புதிதாக வாங்கச் சொல்ல மாட்டேன்.

துணிப்பை நிஜமாகவே பிளாஸ்டிக் பையைவிட மேலா? வீட்டில் நாற்பது பை சேர்ந்துவிட்டதே!

நாற்பது பை இருந்தால் அதுவே பிரச்சினை. பருத்தி விளைய தண்ணீர், நூற்க மின்சாரம், சாயம், எல்லாம் செலவு. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. புவி வெப்பமாதல் கணக்கில் மட்டும் பார்த்தால், ஒரு பருத்திப் பை, ஒருமுறை புழங்கி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிட மேலாக வேண்டுமானால் 131 தடவை புழங்க வேண்டும் என்றது. கேட்கப் பெரிதாக இருக்கும். வாரம் இரண்டு தடவை காய்கறிக்குக் கொண்டுபோனால் ஒன்றேகால் வருஷத்தில் தாண்டிவிடலாம். பருத்திப் பை அதற்கு மேலும் வரும். ஆனால் கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை ஒவ்வொன்றையும் அலமாரியில் மடித்து வைத்தால் எந்தக் காலத்திலும் தாண்டாது. நாலைந்தை வைத்துக்கொண்டு மீதியைத் தெருமுனைக் காய்கறிக்காரரிடம் கொடுங்கள், பை கொண்டுவர மறந்தவர்களுக்குத் தருவார்.

கடையில் கொடுக்கும் 'துணி மாதிரி' பை, கலர் கலராக, லேசான புள்ளி அச்சோடு இருக்குமே, அது துணி இல்லை. பாலிப்ரொப்பிலீன், அதாவது பிளாஸ்டிக் இழையை அழுத்திச் செய்தது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த 14 பொருள்களில் அதுவும் உண்டு. ஓரத்தில் ஒரு நூலை உருவிப் பாருங்கள்: நெசவு இருந்தால் நூல் வரும், இல்லாவிட்டால் பஞ்சாகப் பிய்ந்து வரும்.

அரசு 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. மறுவருஷம் கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் எந்திரம் வைத்தார்கள். பை நல்லதுதான், ஆனால் சில பைகளில் கைப்பிடித் தையல் ஒற்றை ஓட்டம்தான். பத்துக் கிலோ தாங்காது. வாங்கினதும் கைப்பிடி சேரும் இடத்தில் பெருக்கல் குறி மாதிரி ஒரு தையல் போட்டுவிடுங்கள். தெருவில் தையல் மெஷின் வைத்திருப்பவர் பத்து ரூபாய் வாங்கினாலும் லாபம்தான்.

நான்ஸ்டிக் தவாவுக்குப் பதில் என்ன?

இரும்பு தோசைக்கல். இதில் இரண்டு பேச்சே கிடையாது.

நான்ஸ்டிக்கின் மேல்பூச்சு சுமார் 260 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கும். காலித் தவாவைப் பெரிய தீயில் வைத்து மறந்தால் அந்தச் சூட்டைச் சில நிமிஷத்தில் தொட்டுவிடும். கரண்டி கீறினால் திரும்பப் பூச ஆளில்லை. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுசு வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

இரும்பில் இரண்டு வகை. வார்ப்பிரும்பு கனமானது, சூட்டைப் பிடித்து வைக்கும், ஆனால் கீழே போட்டால் விரிசல் விடும். தகட்டுக் கல் இலேசானது, உடையாது, ஆனால் சூடு ஓரிடத்தில் ஏறி ஓரிடத்தில் இறங்கும். மணிக்கட்டு வலி உள்ளவர்கள் வார்ப்பிரும்பை ஆன்லைனில் வாங்காமல் கடையில் ஒரு கையால் தூக்கிப் பார்த்து வாங்குங்கள்.

புதுக் கல்லைப் பழக்க வேண்டும். வடிகஞ்சியிலோ அரிசி களைந்த தண்ணீரிலோ ஊறவைத்து, தேய்த்துக் கழுவி, ஈரம் போக அடுப்பில் காய்ச்சி, நல்லெண்ணெய் தடவிச் சூடாக்கி ஆறவிட வேண்டும். இரண்டு மூன்று நாள் இப்படிச் செய்தபின் பாதி வெங்காயத்தால் எண்ணெயைத் தேய்த்து முதல் தோசையை ஊற்றுங்கள். முதல் சில தோசை பிய்யும், அது கல்லின் குற்றமில்லை. எண்ணெய் சூட்டில் இறுகிப் படலமாகப் படிவதுதான் பழகுவது. அந்தப் படலம் வரவர தோசை தானாக எழும். சோப்பு போட்டு ஊறவைக்காதீர்கள், சூடான கல்லில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஈரத்தோடு கவிழ்க்காதீர்கள். இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு வைத்தால் உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் கறுத்து இரும்பு ருசி ஏறும்.

துரு ஏறியதைப் பார்த்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். தேய்த்துத் திரும்பப் பழக்கினால் புதுசு. நான்ஸ்டிக்குக்கு இந்த மறுபிறவி கிடையாது.

பித்தளை, வெண்கலம், ஈயச்சொம்பு, கல்சட்டி எல்லாம் திரும்ப வாங்குகிறார்களே, வாங்கலாமா?

ஆசைக்கு வாங்கலாம், சிக்கனத்துக்கு வாங்காதீர்கள். பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்தது, புளிப்புப் பட்டால் கெடும், அதனால் உள்ளே ஈயம் (வெள்ளீயம்தான், காரீயம் இல்லை) பூச வேண்டும். நவச்சாரம் போட்டு ஈயம் பூசுகிற ஆள் உங்கள் ஊரில் இன்னும் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் அந்தப் பாத்திரம் பொங்கலன்று மட்டும்தான் வெளியே வரும். வெண்கலப் பானை, செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது, பூச்சு இல்லாமலே புழங்கலாம், விலைதான் கண்ணைக் கட்டும்.

ஈயச்சொம்பு வெள்ளீயத்தில் செய்வது. 232 டிகிரியில் உருகிவிடும், ஆகவே உள்ளே ரசம் இல்லாமல் அடுப்பில் வைத்தால் சொம்பே இருக்காது. இதில் காரீயம் கலந்திருந்தால் அது விஷம், கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. நம்பிக்கையான கடை தெரியாவிட்டால் ரசத்தை எவர்சில்வரிலேயே வைத்துக்கொள்ளலாம், குடி முழுகிவிடாது. கல்சட்டி நன்றாக இருக்கும், சூட்டைப் பிடித்து வைக்கும், அதையும் கஞ்சித்தண்ணீரில் பழக்க வேண்டும். கை தவறினால் முடிந்தது.

வீட்டில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாக்களை எல்லாம் எறிந்துவிடட்டுமா?

எதற்கு? ஏற்கனவே வாங்கியதை எறிந்துவிட்டு அதே வேலைக்குக் கண்ணாடி ஜாடி வாங்குவது சிக்கனமும் இல்லை, சுற்றுச்சூழலும் இல்லை. வேலையை மட்டும் மாற்றிக் கொடுங்கள்.

அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 1 என்றால் தண்ணீர், குளிர்பான பாட்டில் வகை, சூடு தாங்காது, வெந்நீர் ஊற்றினால் நெளியும். 5 என்றால் பாலிப்ரொப்பிலீன், ஓரளவு சூடு தாங்கும், ஆனாலும் கொதிக்கக் கொதிக்க எதையும் பிளாஸ்டிக்கில் ஊற்றாமல் இருப்பதே நல்லது. மஞ்சள் கறை ஏறி வாடை போகாத டப்பாவில் சாப்பாடு வேண்டாம், பொத்தான், ஊசி, ஆணி, ரப்பர் பேண்ட் போடுங்கள். மற்றவை மளிகைக்கு அது உடையும் வரை உழைக்கட்டும்.

ஹார்லிக்ஸ், ஜாம், தேன் பாட்டில்களின் கண்ணாடி இலவசமாக வந்தது, அதைவிட மலிவு எது? ஊறுகாய்க்கு மட்டும் பீங்கான் ஜாடி. உப்பும் புளிப்பும் சேர்ந்து தகர மூடியை அரித்துத் துருவை உள்ளே விழவைக்கும்.

பாத்திரம் தேய்க்கும் ஸ்பான்ஜும் சமையலறை டிஷ்யூவும் மாதாமாதம் போகிறது.

தேய்க்கத் தேங்காய் நார், அல்லது முற்றிக் காய்ந்த பீர்க்கங்காயின் கூடு. தோட்டத்தில் ஒரு கொடி இருந்தால் காசே இல்லை. இரும்புக்குத் தேங்காய் நார், கண்ணாடிக்கும் பிளாஸ்டிக்குக்கும் பீர்க்கங்கூடு. எதுவானாலும் தண்ணீர் வடிந்து காயும்படி தொங்கவிடுங்கள், நனைந்தபடி கிண்ணத்தில் கிடந்தால் இயற்கையானதும் நாறத்தான் செய்யும்.

டிஷ்யூவுக்குப் பதில் பழைய பருத்தி வேட்டி. பல தடவை துவைத்த துணி புதுத் துணியைவிட நன்றாக ஈரம் உறிஞ்சும். கைக்குட்டை அளவுக்குக் கிழித்து ஓரம் மடித்துத் தைத்து ஒரு கூடையில் போட்டு வையுங்கள், அழுக்கானதற்கு இன்னொரு கூடை. பாலியெஸ்டர் கலந்த துணியைக் கிழிக்காதீர்கள், தண்ணீரைத் தள்ளிவிடும், உறிஞ்சாது. துண்டு வாங்குவதானால் ஈரோட்டுப் பருத்தித் துண்டு, மெல்லியது. தடித்த டர்க்கி டவல் மழைக்காலத்தில் இரண்டு நாளானாலும் காயாது, மெல்லிய துண்டு மதியத்துக்குள் காய்ந்துவிடும்.

மாதவிடாய் நாப்கினுக்கு மாற்று உண்டா? கப் பாதுகாப்பானதா?

துவைத்துப் புழங்கும் துணி நாப்கின், உடலுக்குள் வைத்து உதிரத்தைப் பிடிக்கும் கப் என இரண்டு வழி. செலவில் கப்புக்குப் பக்கத்தில் எதுவும் வராது. மருத்துவத் தரச் சிலிக்கோனில் செய்த ஒரு கப் சில நூறு ரூபாய், சரியாகப் பராமரித்தால் பத்து வருஷம் வரைகூட வரும். 'லான்செட் பப்ளிக் ஹெல்த்' இதழில் 2019-ல் வந்த தொகுப்பாய்வு, கப் பாதுகாப்பானது, கசிவும் நாப்கின், டாம்பனைப் போலவோ அதைவிடக் குறைவாகவோதான் என்று சொன்னது. அதே வருஷம் கேரளத்தில் ஆலப்புழை நகராட்சிப் பகுதியில் 5,000 கப்களை இலவசமாகவே கொடுத்தார்கள்.

பழகச் சில மாதம் ஆகும் என்பதை ஒத்துக்கொண்டு ஆரம்பியுங்கள், முதல் மாதம் சரிவரவில்லை என்று விட்டுவிட வேண்டாம். ஒவ்வொரு சுழற்சிக்கு முன்னும் பின்னும் கொதிநீரில் போட்டெடுங்கள், அதற்கென்று ஒரு சின்னப் பாத்திரத்தைத் தனியாக ஒதுக்கிவிட்டால் வீட்டில் முணுமுணுப்பு இருக்காது. உறையில் சொன்ன மணி நேரத்துக்கு மேல் உள்ளே வைக்க வேண்டாம். கருத்தடைக்குக் காப்பர்-டி போட்டிருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

துணி நாப்கின் என்றால் வெயிலில் காயவைக்க இடம் வேண்டும். மறைத்து, நிழலில், அரைகுறையாகக் காயவைப்பதாக இருந்தால் வேண்டவே வேண்டாம்.

ரீசார்ஜ் செய்யும் பேட்டரி செல் லாபமா?

எங்கே போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பிள்ளைகளின் பொம்மை, அடிக்கடி எரியும் டார்ச், கேமரா ஃபிளாஷ் என்றால் நிச்சயம் லாபம், நூற்றுக்கணக்கான தடவை சார்ஜ் ஏற்றலாம். சுவர்க் கடிகாரத்துக்கும் டி.வி. ரிமோட்டுக்கும் வேண்டாம், சாதாரண செல்லே அதில் ஒரு வருஷம் ஓடும். ரீசார்ஜ் செல்லில் 1.2 வோல்ட்தான், சாதாரண செல்லில் 1.5, அதனால் சில கருவிகள் சோம்பலாக வேலை செய்யும்.

ஷேவிங் ரேசர்?

இரண்டு பக்கமும் கூர் உள்ள பிளேடு போடும் பழைய உலோக ரேசர். பிளேடு பெட்டிக்கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும், ரேசருக்கு வயதே ஆகாது. கார்ட்ரிட்ஜ் ரேசரில் பிடி மலிவாக இருக்கும், பிளேடில் பிடுங்கிக்கொள்வார்கள்.

வாளி, கிளிப், மாப் எல்லாம் ஏன் இவ்வளவு சீக்கிரம் உடைகிறது?

வெயில். மொட்டைமாடியில் கிடக்கும் பிளாஸ்டிக் ஒரு கோடைக்குள் நொறுங்கத் தொடங்கும். துணி காயப்போடும் கிளிப்பில் எவர்சில்வர் கம்பியை வளைத்துச் செய்தது கிடைக்கிறது, ஸ்பிரிங் தனியாக இல்லாத ஒரே கம்பி. பிளாஸ்டிக் கிளிப்பைவிட விலை கூட, ஆனால் கொடியிலேயே விட்டுவிடலாம்.

வாளி பிளாஸ்டிக்கிலேயே இருக்கட்டும், குளியலறைக்குள் வெயில் வருவதில்லை. நிறம் மங்கலாக, முகர்ந்தால் வாடையாக, எடை இலேசாக இருந்தால் மறுசுழற்சிப் பிளாஸ்டிக், விட்டுவிடுங்கள். பிடி சேரும் காது கனமாக இருக்கிறதா பாருங்கள், வாளி உடைவது எப்போதும் அங்கேதான். மாப் வாங்கும்போது நூல் தலை தனியாகக் கடையில் தொங்குகிறதா என்று பார்த்து வாங்குங்கள். சுழலும் வாளியோடு வரும் மாப்பில் அந்தச் சுழலும் கூடைதான் முதலில் போகும், அது தனியாகக் கிடைப்பது அபூர்வம்.

ஹோட்டலில் பாத்திரம் நீட்டினால் ஒரு மாதிரி பார்க்கிறார்களே?

பார்த்தால் பார்க்கட்டும். ஒரு காலத்தில் தூக்குவாளி இல்லாமல் போனால்தான் ஒரு மாதிரி பார்த்தார்கள். கூட்ட நேரத்தில் போகாதீர்கள், பாத்திரத்தைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு "அண்ணே, சாம்பாரை இதிலேயே ஊத்திடுங்க" என்று பார்சல் கட்டத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். கட்டிய பிறகு சொன்னால் அந்தக் கவரைப் பிரித்து உங்கள் தூக்கில் ஊற்றிக் கவரை எறிவார்கள், ஒரு பயனும் இல்லை. கறிக்கடை, மீன்கடையில் காலிப் பாத்திரத்தை முதலில் தராசில் வைக்கச் சொல்லுங்கள், எடைச் சண்டை வராது.

மூங்கில் பிரஷ், தேன்மெழுகுத் துணி, சிலிக்கோன் பை, எவர்சில்வர் ஸ்ட்ரா?

ஸ்ட்ரா: டம்ளரில் வாய் வைத்துக் குடிக்கலாம். தேன்மெழுகுத் துணி: கிண்ணத்தின் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்தால் போதும். சிலிக்கோன் பை: விலைக்கு வேலையில்லை. மூங்கில் பிரஷ்: பிடி மக்கும், தூரிகை பெரும்பாலும் நைலான்தான், ஆசையிருந்தால் வாங்குங்கள்.

புழங்காத பழைய பாத்திரங்களை என்ன செய்வது?

எவர்சில்வர், பித்தளை, செம்பு எல்லாவற்றையும் எடைக்கு எடுத்துக்கொண்டு புதுசில் கழித்துக்கொள்ளும் பாத்திரக் கடைகள் ஊருக்கு ஊர் உண்டு. இரண்டு கடையில் விலை கேளுங்கள், கிலோவுக்கு நல்ல வித்தியாசம் வரும். கொடுக்கும் முன் வீட்டிலேயே எடை போட்டுக்கொண்டு போங்கள், பித்தளையையும் செம்பையும் தனித்தனியாகக் கட்டுங்கள், சேர்த்துக் கொடுத்தால் எல்லாவற்றுக்கும் குறைந்த விலைதான் போடுவார்கள். அடி கழன்ற குக்கரும் பிடி போன சட்டியும் அலுமினியம் என்றால் பழைய இரும்புக்காரரே எடுத்துக்கொள்வார். கத்தி, அரிவாள்மனை மழுங்கியிருந்தால் போட்டுவிடாமல் சாணை பிடிப்பவர் தெருவில் வரும்வரை எடுத்து வையுங்கள், மிக்சி பிளேடையும் அவரே பார்த்துக் கொடுப்பார்.